சைகோனில் அரை நாள்: அரண்மனையா, அருங்காட்சியகமா?

ஹோ சி மின் நகரத்தில் (பழைய பெயர் சைகோன்) அரை நாள்தான் இருக்கிறது, வியட்நாம் போரின் முடிவைப் பார்க்க எங்கே போவது என்று குழம்புபவர்களுக்காக.

எதைக் காட்டுகிறது?
சுதந்திர அரண்மனை (தென் வியட்நாம் அதிபரின் மாளிகையாக இருந்தது): போர் முடிந்த நாளை. 1975 ஏப்ரல் 30 அன்று வட வியட்நாம் டாங்கிகள் இடித்துக்கொண்டு நுழைந்த வாசல் இதுதான்.
போர் எச்சங்கள் அருங்காட்சியகம்: முடிந்த பிறகும் முடியாததை. போரில் அமெரிக்கப் படை தூவிய ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லியில் டையாக்சின் என்ற நச்சு கலந்திருந்தது. அதன் பாதிப்போடு பிறந்த குழந்தைகளின் படங்கள் ஒரு கூடம் முழுக்க இருக்கின்றன. போரில் இறந்த இரு தரப்புப் புகைப்படக்காரர்கள் எடுத்த படங்களும் உண்டு. எனக்கு அதுதான் இங்கே முக்கியமான இடம்.

செலவு: இரண்டுமே மலிவு.

மனபாரம்
அரண்மனை: லேசு. 1960களின் நாற்காலிகள், நிலவறையில் பழைய ரேடியோக்கள்.
அருங்காட்சியகம்: கனம். சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம்.

நடுநிலை: இரண்டிலும் வென்றவர் சொல்லும் கதைதான். தோற்ற தெற்கின் குரலையும், போருக்குப் பின் நாட்டை விட்டுப் படகேறித் தப்பியவர்களையும் வேறெங்காவது தேட வேண்டும்.

குடும்பத்தோடு என்றால் அரண்மனை. போர் மனிதர்களை என்ன செய்தது என்று தெரிய வேண்டுமா, அருங்காட்சியகம். நடக்கும் தூரம்தான், கால் வலிக்காவிட்டால் இரண்டும்.