புது ஆசிரியருக்கு முதல் இரண்டு ஆண்டு: ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பள்ளிகளுக்கு உதவும் இரண்டு வழிகாட்டி ஆவணங்கள், ஒரு மதிப்புரை

ஆஸ்திரேலியாவில் பள்ளி ஆண்டு ஜனவரிக் கடைசியில் தொடங்கும். பூர்வகுடிச் சமூகங்கள் பல உள்ள வடபகுதிகளான கிம்பர்லியிலும் ஆர்ன்ஹெம் லேண்டிலும் அது அடைமழைக் காலம். பட்டம் வாங்கிய கையோடு பெர்த்திலிருந்தோ மெல்பர்னிலிருந்தோ வந்து இறங்கும் ஆசிரியருக்கு வீடு, சாமான், தண்ணீர் என்று எல்லாம் பழகுவதற்குள் வகுப்பு தொடங்கிவிடும். அவருக்குத் துணையாக நியமிக்கப்படும் மூத்த ஆசிரியருக்கோ, "இவரைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற ஒரு வரியைத் தவிர வேறெதுவும் கிடைக்காமல் போவது உண்டு. அந்த மூத்தவருக்காகவே இந்த மதிப்புரை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இரண்டு ஆவணங்களைச் சேர்த்துப் படித்தால் வேலை பாதி எளிதாகும். தனித்தனியாகப் படித்தால் இரண்டிலும் ஓட்டை இருக்கிறது.

முதலாவது 'கிராஜுவேட் டு புரொஃபிஷியண்ட்' (புதுப் பட்டதாரியிலிருந்து தேர்ச்சி பெற்ற ஆசிரியர் வரை). ஆசிரியப் பணிக்கும் பள்ளித் தலைமைக்குமான தேசிய நிறுவனமான ஏ.ஐ.டி.எஸ்.எல். 2016இல் வெளியிட்ட வழிகாட்டி. புதியவருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஆதரவு வேண்டும் என்பது இதன் அடிப்படை. கற்பிக்கும் முறை, ஆசிரியர் என்ற அடையாளம், மனநலமும் உடல்நலமும், பள்ளியை அறிமுகப்படுத்துதல் என்று நான்கு பக்கமும் கவனிக்கச் சொல்கிறது. இதன் பெரிய பலம், வழிகாட்டுதல் என்றால் தோளில் தட்டிக்கொடுப்பது என்ற எண்ணத்தை உடைப்பது. வகுப்பறையில் நடப்பதைப் பார்த்து, அதைப் பற்றியே பேச வேண்டும். அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்கிறது.

சிக்கலும் அந்த நேரத்தில்தான். நியூ சவுத் வேல்ஸ் அரசுப் பள்ளிகளில் புதியவருக்கு முதலாண்டில் வாரம் 2 மணி நேரமும், அவருக்கு வழிகாட்டுபவருக்கு 1 மணி நேரமும் வகுப்பிலிருந்து விடுப்புத் தரும் அளவுக்கு நிதி ஒதுக்கும் ஏற்பாடு உண்டு. ஏட்டில் நல்லது. ஆனால் தொலைதூர ஊரில் அந்த 2 மணி நேரத்துக்கு வகுப்பைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆசிரியர் கிடைக்கமாட்டார். பணம் இருக்கும், ஆள் இருக்காது. தலைமையாசிரியர் வாரத்தில் ஒரு குறிப்பிட்ட பாடவேளையை நிரந்தரமாகத் தானே எடுப்பது, அல்லது இரண்டு வகுப்புகளை விளையாட்டுக்கோ இசைக்கோ சேர்த்துவிடுவது மட்டுமே நடைமுறையில் நிலைக்கும் வழி. "முடிந்தபோது பார்க்கலாம்" என்று விட்டால் மூன்றாம் வாரத்தில் நின்றுவிடும்.

அந்த நேரத்தை என்ன செய்வது? முழுப் பாடத்தையும் பார்த்துவிட்டுப் பொதுவாகக் கருத்துச் சொல்வதால் புதியவருக்கு ஒன்றும் ஒட்டாது. 20 நிமிடம் போதும், ஒரே ஒரு கேள்வியோடு உட்காருங்கள். உதாரணத்துக்கு: கேள்வி கேட்டபின் ஆசிரியர் எத்தனை நொடி காத்திருக்கிறார்? ஒரு தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் நொடியைக் குறியுங்கள். 1, 1, 2 என்று வரிசை வந்தால் அந்தத் தாளே பேசும். பூர்வகுடிப் பிள்ளைகளில் பலருக்குப் பள்ளி ஆங்கிலம் இரண்டாவது, மூன்றாவது மொழி. வீட்டில் கிரியோலோ (ஆங்கிலச் சொற்களிலிருந்து உருவான தனி மொழி), பூர்வகுடி ஆங்கிலமோ, வார்ல்பிரி போன்ற மரபு மொழியோ பேசுவார்கள். மௌனம் அங்கே மரியாதைக்குரியது. பதில் தெரியாததன் அறிகுறி அல்ல. எல்லோர் முன்னாலும் ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லி எழுப்பிக் கேட்டால் அது கூனிக் குறுகிவிடும். பிள்ளைகள் அதை 'ஷேம்' என்பார்கள். அகராதியில் உள்ள வெட்கத்தைவிட அந்தச் சொல்லுக்குக் கனம் அதிகம். 'ஷேம்' ஆன பிள்ளை மறுநாள் வராமல் போகலாம். காரணம் தெரியாமல் புதியவர் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக் கவலைப்படுவார்.

அடுத்த கேள்வி: பிள்ளைகளுக்குக் காது கேட்கிறதா? ஒரு மக்கள்தொகையில் நாள்பட்ட சீழ்வடியும் நடுக்காது அழற்சி உள்ளோர் 4 விழுக்காட்டைத் தாண்டினாலே அது பெரும் பொதுச்சுகாதாரச் சிக்கல் என்று உலகச் சுகாதார நிறுவனம் கருதுகிறது. வட ஆஸ்திரேலியாவின் தொலைதூரச் சமூகங்கள் பலவற்றில் அளவு அதைவிட மிக அதிகம். சொல்பேச்சுக் கேட்காத பிள்ளை என்று புதியவர் எழுதிவைக்கும் பெயர்களில் சில, சொன்னது காதில் விழாத பிள்ளைகளுடையவை. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுகிறாரா, ஏசியும் மின்விசிறியும் எவ்வளவு இரைகின்றன, வகுப்பில் ஒலிபெருக்கி அமைப்பு இருந்தால் அது வேலை செய்கிறதா, மைக்கை அணிகிறாரா என்று பாருங்கள். முதல் மாதத்திலேயே பார்க்க வேண்டியவை இவை. தேசிய வழிகாட்டி எல்லா வகைப் பள்ளிக்குமாக எழுதப்பட்டது. இந்த நுணுக்கத்தை அதிலிருந்து எதிர்பார்க்க முடியாது.

இங்கேதான் இரண்டாவது ஆவணம் வருகிறது. மேற்கு ஆஸ்திரேலியக் கல்வித் துறை 2015இல் வெளியிட்ட பூர்வகுடிப் பண்பாட்டுத் தரநிலைச் சட்டகம். உறவுகள், தலைமை, கற்பித்தல், கற்றல் சூழல், வளங்கள் என்று ஐந்து தரநிலைகள். பண்பாட்டைப் பற்றிய வெறும் விழிப்பில் தொடங்கி, அதற்கேற்ப நடந்துகொள்வது வரை படிப்படியாக எங்கே நிற்கிறோம் என்று பள்ளியும் ஊழியரும் தாமே எடைபோடலாம். உறவுகளை முதலில் வைத்திருப்பது சரியான முடிவு. குறை என்னவென்றால், இது துறையின் மொழியில் எழுதப்பட்டது. திங்கட்கிழமை காலை 9 மணிக்கு என்ன செய்வது என்று தேடும் இளைஞருக்கு அதைக் கையில் கொடுத்துவிட்டுப் போனால் பயனில்லை. வழிகாட்டுபவர் பருவத்துக்கு ஒரு தரநிலையை எடுத்து, அதிலிருந்து ஒரே ஒரு வரியை வகுப்பில் கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக மாற்றித் தர வேண்டும். ஆஸ்திரேலியா முழுமைக்குமான ஆசிரியர் தரநிலைகளில் உள்ள 37 கூறுகளில் 1.4, 2.4 இரண்டும் பூர்வகுடி மாணவரையும் மக்களையும் பற்றியவை. தற்காலிகப் பதிவிலிருந்து முழு ஆசிரியர் பதிவுக்கு மாறச் சான்று திரட்டும்போது பலர் திணறுவது இவற்றில்தான். கொடியேற்ற விழாப் படத்தை ஒட்டிவைப்பது சான்றாகாது. அந்த ஊர்ப் பூர்வகுடி உதவியாசிரியரோடு சேர்ந்து திட்டமிட்ட பாடம், அவர் சொல்லி மாற்றிய இடம், மாற்றியபின் பிள்ளைகள் செய்த வேலை ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைத்தால் அதுவே சான்று.

அந்த உதவியாசிரியரைப் பற்றி இரண்டு ஆவணங்களைவிடவும் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. நார்தர்ன் டெரிட்டரியில் உதவியாசிரியர், மேற்கு ஆஸ்திரேலியாவில் பூர்வகுடி மற்றும் தீவுவாசிகள் கல்வி அலுவலர், நியூ சவுத் வேல்ஸில் பூர்வகுடிக் கல்வி அலுவலர் என்று மாநிலத்துக்கு மாநிலம் பெயர் மாறும். புதியவர் போனபின்னும் வழிகாட்டுபவர் மாறிய பின்னும் அந்தப் பள்ளியில் இருப்பவர் அவர். ஆகவே வழிகாட்டுதல் இருவர் பேச்சாக இல்லாமல் மூவர் பேச்சாக இருக்க வேண்டும். தவறு நடக்கும் இடங்கள் தெளிவானவை. பேச்சைப் பள்ளி விட்டபின் வைப்பார்கள். அவருடைய சம்பள நேரம் அதற்குள் முடிந்திருக்கும். எனவே வாரம் 30 நிமிடம் பள்ளி நேரத்துக்குள்ளேயே வையுங்கள். அடம்பிடிக்கும் பிள்ளையை வெளியே கூட்டிப்போவதற்கு மட்டும் அவரைக் கூப்பிடுவார்கள். அதைவிட, பாடத்தின் முதல் 10 நிமிடத்தை அவர் தம் மொழியில் நடத்தட்டும், புதியவர் துணைநிற்கட்டும். பண்பாடு பற்றிய எல்லாக் கேள்வியையும் அவர் தலையில் சுமத்துவார்கள். சில விஷயங்களைச் சொல்ல அவருக்கு உரிமையே இருக்காது. அதற்கென்று பெரியவர்கள் இருப்பார்கள். "இதை நான் யாரிடம் கேட்கலாம்?" என்பதே புதியவர் பழக வேண்டிய முதல் கேள்வி.

உறவுமுறையும் அப்படித்தான். வார்ல்பிரி மக்களிடம் 8 பிரிவுகள். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் பெயர். ஜபல்ஜாரி என்றால் ஆண், நபல்ஜாரி என்றால் பெண். இதனால் யாருக்கு யார் என்ன முறை என்பது முன்பே முடிவாகியிருக்கும். மாமன் மகள், அத்தை மகன் முறை தெரிந்த தமிழ் ஆசிரியர்களுக்கு இதன் தர்க்கம் சட்டெனப் பிடிபடும். மேற்கு ஆஸ்திரேலியக் கரியேரா மக்களின் உறவுமுறையை மானிடவியலார் திராவிட முறையோடு நெடுங்காலமாக ஒப்பிட்டு வருகிறார்கள். ஆனால் ஒற்றுமையை நம்பி ஊகிக்கக் கூடாது. பல சமூகங்களில் வளர்ந்த அண்ணன் தங்கை நேருக்கு நேர் பேசுவதில்லை. மாமியார் மருமகன் முறையினர் விலகியே இருப்பார்கள். குழுவேலைக்கு ஆள் பிரிக்கும்போது இது தெரியாமல் சேர்த்தால் இரண்டு பிள்ளைகளும் எழுந்து போய்விடுவார்கள். இருக்கை வரைபடத்தை முதல் வாரத்திலேயே உதவியாசிரியரிடம் காட்டி ஒப்புதல் வாங்குவது 5 நிமிட வேலை.

ஊரில் சாவு விழுந்தால் நாட்கணக்கில் பள்ளி காலியாக இருக்கலாம். இறந்தவர் பெயரை உச்சரிக்காத வழக்கம் பரவலாக உண்டு. மத்திய ஆஸ்திரேலியாவில் அதே பெயருள்ள உயிரோடிருப்பவரைக் 'குமன்ஜாயி' என்று அழைப்பார்கள். சுவரில் உள்ள படங்கள், வகுப்புக் காணொளிகள் எல்லாவற்றையும் குடும்பத்தாரிடம் கேட்டே வைக்கவோ எடுக்கவோ வேண்டும். வகுப்பைக் காணொளியாக எடுத்துத் தொலைவிலுள்ள வழிகாட்டிக்கு அனுப்பும் பள்ளிகளுக்கு இது கூடுதலாகப் பொருந்தும்.

இன்னொன்று: வழிகாட்டுபவரே புதியவரின் பதிவுக்குக் கையெழுத்திடுபவராகவும் இருந்தால் புதியவர் தன் தடுமாற்றத்தைச் சொல்லமாட்டார். ஆள் இருந்தால் இரண்டையும் பிரியுங்கள். மூன்றே ஆசிரியர் உள்ள பள்ளியில் பிரிக்க முடியாது. அங்கே வேறொரு பள்ளியிலிருந்து தொலைபேசியில் பேசும் ஒருவரையாவது ஏற்பாடு செய்யுங்கள்.

இரண்டு ஆவணங்களிலும் நான் தேடுவது, ஆண்டு முடிவில் ஒப்படைக்கும் ஒரு மெல்லிய கோப்புக்கான படிவம். புதியவர் ஊரை விட்டுப் போகிறார் என்றால் அடுத்தவருக்கு வேண்டியது நாலைந்து பக்கம்தான்: யார் எந்த மொழி பேசுகிறார், யாரை முன்வரிசையில் உட்காரவைத்தால் நன்றாகக் கேட்கிறது, யாரை யாரோடு சேர்க்கக் கூடாது, எந்தப் பாடம் எடுபட்டது, எதற்கு யாரிடம் கேட்க வேண்டும். உதவியாசிரியர் படித்து, வேண்டாததை அடித்தபின், பள்ளியின் பூட்டிய அலமாரியில் வையுங்கள். டிசம்பரில் பள்ளி முடியும் கடைசி வாரத்துக்கு விடாமல், நவம்பரிலேயே எழுதத் தொடங்குங்கள். மழை பிடித்துவிட, வண்டி ஓடும்போதே ஊர் கிளம்ப எல்லோரும் அவசரப்படும் நேரம் அந்தக் கடைசி வாரம்.