காட்டேஜ் வீட்டுக்கு எந்த ஜன்னல்: கீல் ஜன்னலா, ஏற்றி இறக்கும் ஜன்னலா?

காட்டேஜ் பாணி வீட்டில் கூரை தாழ்ந்து இறங்கும். சுவரில் ஜன்னலுக்கு விடும் இடமும் சின்னதாகத்தான் இருக்கும். அங்கே கீல் வைத்து வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல் கச்சிதமாகப் பொருந்தும். உயரம் குறைந்து அகலம் கூடிய இடத்தில் இரண்டு மூன்று கதவுகளை வரிசையாக வைக்கலாம். முழுதாகத் திறப்பதால் காற்றுக்குக் குறைவில்லை. மூடினால் சட்டத்தோடு இறுகிக்கொள்ளும், சாரல் எளிதில் நுழையாது. ஒரே தொல்லை: ஜன்னலுக்கு வெளியே பூந்தொட்டி வைத்தால், கதவைத் திறக்கும்போதெல்லாம் செடியின் தலையில் அடி விழும்.

ஏற்றி இறக்கும் ஜன்னலில் மேலொன்று கீழொன்றாக இரண்டு கண்ணாடிப் பலகம் இருக்கும். திறக்கும் பலகம் சட்டத்துக்குள்ளேயே மேலும் கீழும் நகர்வதால் அந்தக் கவலை இல்லை. இரண்டு பலகமும் நகரும் வகை என்றால், மேலே கொஞ்சம் கீழே கொஞ்சம் திறந்துவிடலாம். சூடான காற்று மேல்வழியே வெளியேறிவிடும். ஆனால் எப்படித் திறந்தாலும் பாதிதான். உயரமான சுவரும் வேண்டும்.

என் ஓட்டு கீல் ஜன்னலுக்கே. அப்புறம், எதை எடுத்தாலும் கண்ணாடியைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கும் பட்டை வெளியே புடைத்திருக்கட்டும். இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே வைத்த பட்டையில் நிழல் விழாது. தெருவிலிருந்து பார்த்தால் வெறும் கோடு கிழித்த மாதிரி தெரியும்.