மெட்டி விரல் நீண்டவர்களுக்கு எந்த ஷூ? பாறையேற்றக் காலணிகள் ஓர் ஒப்பீடு

என் காலில் கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம். மெட்டி விரல் நீண்டவள் வீட்டை ஆள்வாள் என்று அத்தை பெருமையாகச் சொல்வார். போதாததற்கு முன்பாதம் அகலம், குதிகால் ஒல்லி. பத்து வயதுவரை செருப்பில்லாமல் திரிந்ததில் விரல்கள் விசிறி மாதிரி விரிந்துவிட்டன. பாறையேற்ற ஷூக்களில் பலவற்றின் முனை கட்டைவிரல் பக்கமாகச் சாய்ந்து கூராகும். அங்கேதான் எனக்குச் சிக்கல் தொடங்கியது.

நம்மில் பலருக்கும் அகலமான பாதம்தான். அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட இந்தியப் பாதம் அகலம் என்று தெரியவந்து, 'பா' என்ற தனி அளவுமுறையை முன்மொழிந்தார்கள். அந்த அளவில் ஒரு பாறையேற்ற ஷூ வரும் நாளுக்காகக் காத்திருக்கிறேன். அதுவரை இருப்பவற்றில்தான் தேட வேண்டும்.

முதல் ஜோடியை அளவு எண்ணை மட்டும் பார்த்து வாங்கினேன். ஒரே மாதத்தில் இரண்டாம் விரலின் நகம் கறுத்தது, மடங்கிய மூட்டின் மேல் தோல் உரிந்தது. அடுத்து ஒரு எண் பெரிதாக எடுத்தேன். ஐரோப்பிய அளவில் ஒரு எண் என்பது 6.67 மில்லிமீட்டர் நீளம். விரலுக்கு இடம் கிடைத்தது. ஆனால் குதிகாலில் காற்றுப் புகுந்தது. குதிகாலைப் பாறை விளிம்பில் கொக்கிபோல் மாட்டி இழுக்கும்போது ஷூ கழன்று வந்தது. எண் கூடினாலும் முனையின் வடிவம் மாறுவதில்லை என்பதை அப்படித்தான் அறிந்துகொண்டேன்.

இப்போது தேர்வுகளுக்கு வருகிறேன். டெக்கத்லானின் சொந்த பிராண்டான சிமோண்ட், புதிதாக ஏறத் தொடங்குபவர்களுக்குப் போதும். கடைக்கே போய்க் காலில் மாட்டிப் பார்க்கலாம் என்பது, என் மாதிரிப் பாதத்துக்குப் பெரிய வசதி. மாலையில் போங்கள். சென்னை வெயிலில் நாள் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். அந்த அளவுதான் உண்மையான அளவு.

என் மனம் நின்ற இடம் லா ஸ்போர்டிவாவின் மித்தோஸ். 1991-இல் வந்த இத்தாலிய ஷூ. உள்ளே துணிப்பூச்சு இல்லாத வெறும் தோல் என்பதால், நாள்பட நாள்பட அணிபவரின் கால் வடிவத்துக்கே வந்துவிடும். ஏறக்குறைய ஒரு முழு எண் அளவுக்குத் தளரும் என்பதால், வாங்கும்போது இறுக்கமாகத்தான் எடுக்க வேண்டும். முதல் சில வாரங்கள் வலிக்கும். தோல் விரலுக்கு வழிவிட்டதும் அந்த வலி போய்விடும். அதைவிட முக்கியம் கயிறு. அது குதிகாலைச் சுற்றியும் போகிறது. முன்பாதத்தில் தளர்த்திவிட்டு, குதிகாலில் மட்டும் இழுத்துக் கட்டலாம். அகல முன்பாதமும் ஒல்லிக் குதிகாலும் உள்ளவர்களுக்கு இதுதான் நான் கேட்ட வரம். கர்நாடகத்தில் இருக்கும் பாதாமியின் செம்மணற்பாறை வெடிப்புகளில் நாள் முழுக்க அணிந்திருக்கலாம். குறை ஒன்று உண்டு: அடிப்பகுதி தட்டையானது. தலைக்கு மேல் சரிந்து வரும் சுவரில் கால்விரல் நுனியால் பிடிமானத்தைக் கொக்கிபோட்டு இழுப்பதற்கு இது உதவாது.

அந்த வேலைக்கு கொரிய நிறுவனமான புட்டோராவின் அக்ரோ வருகிறது. ஒரே மாடலை அகலம், குறுகல் என இரண்டு வடிவில் செய்கிறார்கள். இந்த அக்கறைக்காகவே அவர்களை மதிக்கிறேன். முனை கீழ்நோக்கி வளைந்தது. அகல வடிவத்தில் முன்பாதம் நிம்மதியாக உட்காரும். ஆனால் வளைந்த ஷூவுக்குள் நீண்ட விரல் மடங்கியே ஆக வேண்டும். மடங்கிய மூட்டுக்கு மேலே உயரம் இருக்கிறதா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். அகலத்தை மட்டும் நம்பி வாங்கினால் பழைய வலி திரும்பிவிடும்.

இவால்வ் நிறுவனத்தின் பல மாடல்கள் செயற்கைத் தோல். அகலப் பாதக்காரர்கள் பலர் அவற்றை விரும்புகிறார்கள். செயற்கைத் தோல் அவ்வளவாகத் தளராது. முதல் நாளே சரியாக உட்கார்ந்தால் கடைசிவரை அப்படியே இருக்கும், உட்காராவிட்டால் பின்னால் உட்காரும் என்று நம்ப வேண்டாம். விரல் இன்னும் சிக்கலாக இருப்பவர்கள் தோல் பக்கமே போவது நல்லது.

ஆண்கள் மாடல், பெண்கள் மாடல் என்பதையும் கவனியுங்கள். பெண்கள் மாடல்களில் பொதுவாகக் குதிகால் ஒடுங்கியிருக்கும். முன்பகுதியும் சேர்ந்து ஒடுங்கும். எனக்கு முன்பகுதியில் ஆண்கள் மாடல், பின்பகுதியில் பெண்கள் மாடல் வேண்டும். கயிறு கட்டும் ஷூவில் மட்டும்தான் இந்த இரண்டையும் ஓரளவு சேர்க்க முடிகிறது. ஒட்டுப்பட்டை (வெல்க்ரோ) ஓரிரு இடங்களில் மட்டுமே இழுக்கிறது.

வெளியூரிலிருந்து வரவழைப்பதற்கு முன் ஒரு தாளில் நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். விரல் நுனிகள் எந்தப் பக்கம் சரிகின்றன என்று பார்த்து, ஷூவின் அடிப்பாகப் படத்தோடு ஒப்பிடுங்கள். நுனி நடுவில் இருக்கும் ஷூவே நமக்கு. வெளிநாட்டிலிருந்து என்றால் சுங்கவரியும் சேரும், திருப்பி அனுப்புவதும் எளிதன்று. பத்து நிமிடக் கோட்டுப்படம் அந்தச் செலவைத் தவிர்க்கும்.

தோல் ஷூவுக்குச் சென்னையில் கூடுதல் கவனிப்பு தேவை. வியர்வை ஊறி இன்னும் தளரும். நவம்பர் மழையில் பூஞ்சணம் பூக்கும். ஏறி முடித்ததும் ஷூவின் வாயைத் திறந்து நிழலில் காயவைக்கிறேன். வெயிலில் நிற்கும் காருக்குள் ஒருபோதும் வைப்பதில்லை. சூட்டில் பசை இளகி அடிரப்பர் பிரிந்துவிடும்.

மெட்டியை ஏறுவதற்கு முன் கழற்றிவிடுங்கள். இறுகிய ஷூவுக்குள் வெள்ளி வளையம் விரலை அறுக்கும். என்னுடையது, கை வழுக்காமல் இருக்கப் பூசும் சாக்பீஸ் தூளை வைக்கும் பையின் பக்கப் பையில், ஜிப்புக்குள் இருக்கும்.