பெரிய ரீஃப் டேங்குக்கு (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) மாறும்போது பழைய மணலா, புது மணலா?

பழைய மணலை அப்படியே அள்ளிப் போட்டால் அடியில் தேங்கிய கழிவு கிளறிக்கொண்டு அமோனியா ஏறும். தடிமனான படுகையில் அழுகிய முட்டை வாடை அடித்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீனையே கொன்றுவிடும். நன்றாக அலசிப் போடலாம்தான். ஆனால் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவில் பெரும்பகுதி போய்விடும், மிச்சமாவது காசு மட்டுமே.

புது அரகோனைட் (கால்சியம் கார்பனேட்) மணலே மேல். 120×60 செ.மீ. அடிப்பரப்பில் 4 செ.மீ. உயரத்துக்குச் சுமார் 40–45 கிலோ பிடிக்கும். செலவுதான். ஓரிரு நாள் தண்ணீர் கலங்கும், பிறகு பழுப்பு டயாட்டம் (நுண்பாசி) படியும், தானே அடங்கிவிடும். பாக்டீரியாவுக்குப் பழைய டேங்கின் லைவ் ராக் (நுண்ணுயிர் குடியேறிய பாறை) போதும்: 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு), 25–26 டிகிரி உப்புநீரில் மூழ்கியபடியே கொண்டுபோங்கள். பழைய மேல்மணலில் ஒரு கப் தூவினால் புழுக்களும் சிற்றுயிர்களும் கூடவே வந்துவிடும்.