குடையா, சாஃப்ட்பாக்ஸா?

போர்ட்ரெய்ட் எடுக்கக் கையில் ஒரே ஒரு ஃபிளாஷ்தான் என்றால், முதலில் வரும் கேள்வி இது: அதன் வெளிச்சத்தை மென்மையாக்க, வெளிச்சத்தைப் பரப்பும் ஸ்டூடியோ குடையா, முன்பக்கம் வெள்ளைத் துணி மூடிய பெட்டியான சாஃப்ட்பாக்ஸா? குடை விலை குறைவு, விரித்து மாட்ட அரை நிமிடம் போதும். ஆனால் அதன் வெளிச்சம் முகத்தோடு நிற்காது. சுவர், கூரை எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பும். சின்ன அறையில் பச்சைச் சுவர் இருந்தால் கன்னத்திலும் லேசாகப் பச்சை ஏறிவிடும்.

சாஃப்ட்பாக்ஸில் கம்பிகளை வளைத்துச் செருகுவது எரிச்சலான வேலைதான். பலனாகக் கிடைப்பது கட்டுப்பாடு. முகத்துக்கு 45 டிகிரி பக்கவாட்டில், கண்மட்டத்துக்குச் சற்று மேலே வைத்து, முன்னால் கிரிட் (வெளிச்சம் பக்கவாட்டில் சிதறாமல் தடுக்கும் கட்டம் கட்டமான தடுப்பு) மாட்டினால் பின்னணி இருட்டாகவே இருக்கும். 1 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்குத் தள்ளிப் பாருங்கள்: வெளிச்சம் கிட்டத்தட்ட கால் பங்காகிவிடும், மூக்கு நிழலின் ஓரமும் கூர்மையாகும். அதனால் ஃப்ரேமுக்குள் வராத அளவுக்கு நெருக்கியே வையுங்கள். கண்மணியில் அது ஜன்னல் மாதிரி பளிச்சிடும். குடை என்றால் சில சமயம் கம்பிகள்கூடத் தெரியும்.

ஆறேழு பேர் சேர்ந்து நின்றால் குடைதான் வசதி. தனி முகத்துக்கு, என்னைக் கேட்டால், சாஃப்ட்பாக்ஸ். வெளியில் எடுப்பதென்றால் எதுவானாலும் சரி, ஸ்டாண்டில் மணல் மூட்டை கட்டாமல் கையை எடுக்காதீர்கள்.