எக்ஸ்ட்ராக்கேட் விமர்சனம்: நாலடிப் பலகையில் கிருஷ்ணகிரி நேரோகேஜ்

மாடல் ரயிலுக்குத் தண்டவாளம் வாங்கும் முன் கணினியில் வரைந்து பார்க்கப் பலரும் நாடும் மென்பொருள்கள் மூன்று. எனிரெயிலின் இலவசப் பதிப்பில் 50 தண்டவாளத் துண்டுகள்தான் வைக்கலாம், ஸ்கார்மின் இலவசப் பதிப்பில் 100. எக்ஸ்ட்ராக்கேட்டுக்கு வரம்பே இல்லை. திறமூல மென்பொருள், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். முப்பரிமாணக் காட்சி கிடையாது. அது வேண்டுமென்றால் ஸ்கார்ம் பக்கம் போகலாம். ஆனால் பலகையில் ஆணி அடிக்கும் வரை துணைக்கு வருவது எக்ஸ்ட்ராக்கேட்தான்.

சோதித்துப் பார்க்க நம்மூர்ப் பாதைகளே பொருத்தமானவை. 1905-ல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், 1906-ல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கும் 2 அடி 6 அங்குல நேரோகேஜ் ரயில் வந்தது. மொரப்பூர் பாதை 1913-ல் ஓசூர் வரை நீண்டது. இரண்டும் பின்னாளில் மூடப்பட்டன. அசலை 87-ல் ஒரு பங்காகச் சுருக்குவதுதான் 1:87 அளவு. 2 அடி 6 அங்குலம், அதாவது 762 மி.மீ. அகலத்தை 87-ஆல் வகுத்தால் 8.76 மி.மீ.; கடைகளில் கிடைக்கும் 'என் கேஜ்' மாடல் தண்டவாளத்தின் அகலம் 9 மி.மீ. அதனால் 1:87 அளவு வண்டிகளை என் கேஜ் தண்டவாளத்தில் ஓட்டிவிடலாம். இதற்கு ஹெச்ஓஇ என்று பெயர்.

முதல் இடறல் இங்கேயே வரும். மென்பொருளில் துண்டுகளைக் காட்டும் பட்டையில், தேர்ந்தெடுத்த அளவுக்குரிய துண்டுகள்தான் தெரியும். ஹெச்ஓஎன்30 (ஹெச்ஓஇ-யின் இன்னொரு பெயர்) என்று வைத்தால் என் கேஜ் துண்டுகள் கண்ணில் படாது, நிறுவலில்தான் ஏதோ கோளாறு என்று தோன்றும். அளவை என் என்று மாற்றி, பாராமீட்டர் ஃபைல்கள் பகுதியில் உங்கள் தண்டவாளக் கம்பெனியின் கோப்பை ஏற்றுங்கள். தண்டவாளம் சரியாக வந்துவிடும். கட்டடங்களை மட்டும் 1:87 கணக்கில் தனியாக வரைய வேண்டும்.

ஒரு கோடு போடும் முன்பே அளவலகை மெட்ரிக்குக்கு மாற்றுங்கள். பிறகு லேஅவுட் அமைப்பில் குறைந்தபட்ச வளைவு ஆரம் 228 மி.மீ. (9 அங்குலம்), அதிகபட்ச ஏற்றம் 3 சதவீதம் என்று கொடுங்கள். இந்த வரம்பை மீறும் தண்டவாளம் வேறு நிறத்தில் தெரியும். இந்த மென்பொருளின் ஆகச் சிறந்த வசதி இதுதான். திரையில் அழகாகத் தெரியும் 180 மி.மீ. வளைவில் நீளமான எஞ்சின் தடம் புரளும் என்பதை வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுகிறது.

எந்த நிலையத்தை எடுப்பது என்பதைப் பலகைதான் தீர்மானிக்கும். ஓசூர் பாதை வந்த பிறகு, தர்மபுரி வண்டி கடந்து போகும் நிலையம். அதற்கு வட்டப்பாதை பொருந்தும். கிருஷ்ணகிரியோ பாதையின் கடைசி நிலையம்; சுவரோரம் நீளப் பலகையே போதும். 8-க்கு 4 பிளைவுட்டை (12 மி.மீ. தடிமன்) கடையிலேயே 4-க்கு 2 அடியாக அறுத்து வாங்கினால் நான்கு பலகைகள் கிடைக்கும். 1220-க்கு 610 மி.மீ. பலகையில் ஓரத்துக்கு 50 மி.மீ. விட்டால் இரு முனையிலும் 228 மி.மீ. ஆர வளைவு கொண்ட நீள்வட்டப்பாதை தாராளமாக உட்காரும். மொத்த நீளம் 2760 மி.மீ. அளவில் வரும்.

அதிலே மேம்பாலம் போட ஆசைப்படாதீர்கள். கீழே வண்டி போக 55 மி.மீ. உயரம் வேண்டும். 3 சதவீத ஏற்றத்தில் ஏற 1833 மி.மீ., இறங்க இன்னொரு 1833. பாதையின் மொத்த நீளமே போதாது. எலிவேஷன் கருவியில் உயரத்தைக் கொடுத்தால் ஏற்ற விகிதம் உடனே திரையில் வந்து இதை உறுதிசெய்யும்.

கிருஷ்ணகிரிக்கு லூப் லைன்தான் உயிர்; எஞ்சின் வேகன்களைக் கடந்து மறுமுனைக்குப் போக உதவும் பக்கப் பாதை அது. 80 மி.மீ. எஞ்சின், 90 மி.மீ. வேகன் நான்கு என்றால் வேகன்கள் நிற்க 360, கூடுதலாக 40. இரு முனையிலும் பாயிண்ட் (பாதை இரண்டாகப் பிரியும் இடம்) தொடங்கி ஃபவுலிங் மார்க் (பக்கத்துப் பாதை வண்டியில் இடிக்காமல் நிற்கக்கூடிய எல்லை) வரை 180 வீதம் ஒதுக்குங்கள். கடைசியில் எஞ்சின் திரும்பி வர 120. ஆக 880 மி.மீ.; நாலடிக்குள் அடங்கும். ஃபவுலிங் மார்க்கை மென்பொருள் தானாகக் குறிக்காது. பலரும் பாயிண்ட் முனையிலிருந்தே லூப் நீளத்தை அளந்துவிடுகிறார்கள். கடைசி வேகன் பக்கத்துப் பாதையில் இடிக்கும்.

இரு பாதைகளின் மையங்களுக்கிடையே 40 மி.மீ. வையுங்கள். என் கேஜ் துண்டுகளின் 33 மி.மீ. இடைவெளி 1:87 உடலுக்கு நெருக்கம். வளைவில் இன்னும் கூடுதலாக விட வேண்டும்: இரு போகிகளின் (பெட்டிக்கு அடியிலுள்ள சக்கரத் தொகுதிகள்) மையங்கள் 85 மி.மீ. தள்ளியிருக்கும் பெட்டி, 228 ஆரத்தில் நடுவே 4 மி.மீ. உள்பக்கம் தள்ளி நிற்கும். முனைகள் வெளியே நீளும்.

குறைகளும் உண்டு. தமிழ் மெனு இல்லை. கட்டளைகள் பழகச் சில மாலைப் பொழுதுகள் வேண்டும். துண்டுகள் ஒட்டியதுபோல் தெரிந்தும் இணையாமல் இருக்கும். பெரிதாக்கிப் பாருங்கள், சின்ன இடைவெளியை 'கனெக்ட் டூ டிராக்ஸ்' கட்டளை மூடும். பெரிய இடைவெளியை அதில் திணிக்காமல் வேண்டியபடி வளைத்துக்கொள்ளும் வளைதண்டவாளம் போடுங்கள். மின்சாரத்தை இது சோதிக்கவே சோதிக்காது. டி.சி. மின்சாரத்தில் வண்டியைத் திருப்பும் பலூன் லூப் வரைந்தால் ஒரு எச்சரிக்கையும் வராது. பலகையில் ஷார்ட் ஆகும். அந்த லூப்பின் இரு முனையிலும் காப்பு இணைப்பான் (மின்சாரம் கடத்தாத இணைப்பு) போட்டு, லூப்புக்குத் தனி சுவிட்ச் வழியே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

வரைந்ததை 1:1 அளவில் அச்சிடலாம். நாலடிப் பலகைக்கு ஏ4 தாள் சுமார் 20. தர்மபுரி நாலு ரோடு பக்கம் ஜெராக்ஸ் கடையில் பிடிஎஃப் கொடுக்கும்போது, தாளுக்கேற்பச் சுருக்காமல் 100 சதவீதத்தில் எடுக்கச் சொல்லுங்கள். முதல் தாளை ஸ்கேலால் அளந்த பிறகே மற்ற 19-ஐயும் எடுக்க வேண்டும். ஒட்டிய தாளின் மேல் வண்டியை வைத்துக் கையால் தள்ளிப் பார்த்து, இடிக்காது என்று தெரிந்ததும் பாகப் பட்டியலை எடுத்து ஆர்டர் போடுங்கள்.