கோவை கணபதியில் ஒரு மிக்சி ரிப்பேர் திண்ணை: நான்கு வருஷ அனுபவம்

மிக்சி எப்போதுமே காலை ஆறரைக்குத்தான் நிற்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. ஜாரில் தேங்காயும் பொட்டுக்கடலையும், அடுப்பில் இட்லி. பொத்தானைத் திருப்பினால் ஒரு முனகல்கூட இல்லை.

அதற்கு முந்தைய தடவை பழுதானபோது பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றுக்குக் கொண்டு போயிருந்தேன். டோக்கன் கொடுத்து ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். பிறகு போன் செய்து, "மோட்டார் போயிடுச்சு மேடம், ஆயிரத்து தொள்ளாயிரம் ஆகும். எக்ஸ்சேஞ்சில் புதுசு எடுத்துக்கிறீங்களா?" என்றார்கள். பேசாமல் புதுசே எடுத்தேன். இப்போது நின்றது அந்தப் புதுசுதான். இந்தத் தடவை டோக்கன் வாங்கும் எண்ணம் இல்லை. தெருமுனை மாவுக் கடையில் புலம்பியபோது கடைக்காரர், "ரெண்டு வீதி தள்ளி ஒரு அக்கா பார்க்குதுங்க, எங்க கிரைண்டரெல்லாம் அவங்க கைதான்" என்று சொல்லி, தினசரி காலண்டரில் கிழித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பின்பக்கம் ரப்பர் ஸ்டாம்ப்: மிக்சி, கிரைண்டர் ரிப்பேர், வீதிப் பெயர், கதவு எண். அக்காவின் விளம்பரம் மொத்தமும் அவ்வளவுதான் என்று அன்றைக்குத் தெரியாது.

ஓட்டு வீடு. வாசல் திண்ணையில் ஒரு பெஞ்சு, மேலே ஒரு குண்டு பல்பு, பெஞ்சுக்கடியில் பழைய பெயிண்ட் வாளிகள். ஒன்றில் கப்ளர் (மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் சின்னச் சக்கரம்), ஒன்றில் புஷ் (ஜாருக்குள் பிளேடு தண்டைத் தாங்குவது), ஒன்றில் மூடிகளின் ரப்பர் வளையம். அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. என்னை உட்காரச் சொல்லவில்லை. "அடியில சிவப்பு பட்டனை அமுக்கிப் பார்த்தியா அம்மிணி?" என்றார். ஓவர்லோடு ஆனால் தானாகத் துண்டித்துக்கொள்ளும் பட்டன் அது. மிக்சியைக் கவிழ்த்தால் அடியில் இருக்கும். பத்தில் இரண்டு பேர் அதை அமுக்காமலே தூக்கிக்கொண்டு வருகிறார்களாம். அமுக்கி ஓடவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் காசு வாங்க மாட்டார். நான் அமுக்கியிருந்தேன். அதிலேயே எனக்குக் கொஞ்சம் மரியாதை கூடியது.

மிக்சியைச் சுவரில் நேரே செருகவில்லை. பலகையில் நூறு வாட் பல்போடு சீரிஸில் கோத்த ஒரு பிளக் இருக்கிறது, அதில் செருகினார். பல்பு பளிச்சென்று முழுசாக எரிந்தால் உள்ளே ஷார்ட். மங்கலாக எரிந்தால் காயில், அதாவது மோட்டாருக்குள் சுற்றிய கம்பி, பிழைத்திருக்கிறது. எரியவே இல்லையென்றால் எங்கோ அறுந்திருக்கிறது. எனக்கு எரியவில்லை. அடியைக் கழற்றி, முகர்ந்து பார்த்தார். "கருகின வாசமில்லை, நல்லது." பக்கவாட்டில் ஒரு சின்ன மூடியைத் திருகி, உள்ளே இருந்த கார்பனைப் பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவரால் லேசாக அமுக்கினார். பல்பு மங்கலாகக் கண்ணைத் திறந்தது. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கார்பன் தேய்ந்து சுண்டுவிரல் நகம் அளவுக்கு வந்திருந்தது. புதுசு எப்படி இருக்கும் என்று பக்கத்தில் வைத்துக் காட்டினார்: முக்கால் அங்குலத்துக்குக் குறையாது. நிமிஷத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும் மோட்டாரில் அந்தக் கரித்துண்டு இரண்டும் உரசிக்கொண்டேதான் மின்சாரத்தை உள்ளே விடுகின்றன. தேயத்தான் செய்யும். தேய்ந்து ஸ்பிரிங் எட்டாமல் போனால் எல்லாமே நின்றுவிடும். கார்பன் உரசும் செம்புப் பட்டைகளை மெல்லிய உப்புத்தாளால் ஒரு சுற்றுத் துடைத்து, புதுக் கார்பன் போட்டு மூடினார். நூற்று நாற்பது ரூபாய். இருபது நிமிஷம். அந்த மிக்சிதான் இன்றைக்கும் சட்னி அரைக்கிறது. சர்வீஸ் சென்டரில் 'மோட்டார் போயிடுச்சு' என்று கைவிட்ட பழையதிலும் போனது இவ்வளவுதானோ என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இந்த நாலு வருஷத்தில் மிக்சிக்கு ஒரு கப்ளர், ஜாருக்கு ஒரு புஷ், கிரைண்டருக்குப் பெல்ட் என்று ஐந்தாறு தடவை போய்விட்டேன். கப்ளர் உடைந்து போனபோது மட்டமான சாமான் என்று நான் குறைப்பட்டேன். அக்கா அதட்டினார். கல்லு மாதிரி இறுகிய ஏதாவது ஜாரில் சிக்கினால், மோட்டார் தப்பிப் பிழைக்க அந்த அறுபது ரூபாய்ச் சாமான் உடைய வேண்டும் என்றுதான் அதை அப்படிச் செய்திருக்கிறார்களாம். "நீ காய்ஞ்ச மஞ்சக் கிழங்கைப் போட்டிருப்பே." போட்டிருந்தேன்.

கிரைண்டர் வேலைதான் அக்காவின் தனித் திறமை. கோயம்புத்தூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெட் கிரைண்டரே இந்த ஊரில் பிறந்ததுதான், புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. கல் ஊத்துக்குளிப் பக்கத்திலிருந்து வரும். (ஊத்துக்குளி என்றால் எனக்கு வெண்ணெய்தான் முதலில் ஞாபகம் வரும், அது வேறு கதை.) எங்கள் டேபிள்டாப் முக்கால் மணி நேரம் ஓடினாலும் உளுந்து நறநறவென்றே இருந்தது. ஊறவில்லை என்று மாமியார், ஐஸ் தண்ணீர் ஊற்று என்று நாத்தனார். அக்கா உருளைக் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிவிட்டு, "கண்ணாடி ஆயிடுச்சு" என்றார். வருஷக்கணக்கில் கல்லோடு கல் உரசி வழவழவென்று ஆகிவிட்டால் பருப்பைப் பிடித்து நசுக்காது, வழுக்கிவிடும். சின்ன உளியும் சுத்தியும் வைத்து உருளையையும் டிரம்மின் அடிக்கல்லையும் ஒன்றரை மணி நேரம் கொத்தினார். டக் டக் என்று ஒரே சீராக, மழைத்துளி மாதிரி புள்ளி புள்ளியாக. வீட்டுக்குப் போய் முதலில் ஒரு பிடி பச்சரிசியும் கல்லுப்பும் போட்டு அரைத்துக் கொட்டிவிடச் சொன்னார், இரண்டு தடவை. கொட்டிய மாவு சாம்பல் நிறத்தில் இருந்தது. மறுநாள் உளுந்து முப்பது நிமிஷத்தில் பொங்கி வந்தது.

எப்படி ஆரம்பித்தீர்கள் என்று அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் கேட்டேன். மோட்டார் காயில் சுற்றும் சின்ன யூனிட் ஒன்றில் பதினோரு வருஷம் வேலை பார்த்திருக்கிறார். யூனிட்டை மூடிவிட்டார்கள். மகளிர் குழுவில் இருபதாயிரம் கடன் எடுத்து, கையால் சுற்றும் காயில் மிஷின் ஒன்று, மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், பேரிங் கழற்றும் புல்லர் எல்லாம் வாங்கியிருக்கிறார். பெரும்பாலும் பழைய சாமான்தான். சின்னப் பாகங்களுக்கு வாரம் ஒரு தடவை பஸ் பிடித்துக் காட்டூர் போய் வருவார்.

முதலில் கேட்டில் தகரப் பலகை மாட்டினார். இரண்டு மாதத்தில் நாலு பேர் வந்தார்கள். பேப்பருக்குள் நோட்டீஸ் வைத்துப் பார்த்தார், அதற்கும் கூட்டம் வரவில்லை. அப்புறம்தான் மாவுக் கடைகளுக்குப் போனார். சுற்றுவட்டாரத்தில் மூன்று கடை. அவர்களுடைய பெரிய கிரைண்டர் விடிகாலை நாலு மணிக்கு நின்றால் அன்றைய வியாபாரம் போச்சு, அந்த நேரத்துக்கு எந்தக் கம்பெனி ஆளும் வர மாட்டான். "எப்போ வேணாலும் கதவைத் தட்டுங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். தட்டினார்கள். கெபாசிட்டர் போய் உறுமிக்கொண்டு நின்ற மோட்டார் ஒன்றை விடிவதற்குள் ஓட வைத்திருக்கிறார். சாயங்காலம் மாவு வாங்க வராத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. பிறகென்ன? மாவுப் பொட்டலத்தோடு ஸ்டாம்ப் அடித்த காலண்டர் தாளும் வீட்டுக்கு வீடு போனது. தாள் இலவசம், ஸ்டாம்புக்கு மட்டும்தான் செலவு.

வரும் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு சீட்டைச் சணல் கயிற்றில் கட்டுவார்: பேர், தேதி, என்ன கோளாறு, என்ன பேசியது. அதே விவரம் நோட்டிலும் ஏறும். ரிப்பேர் முடித்ததும் மிக்சியின் அடித்தட்டில் உள்பக்கம் மார்க்கரில் தேதி எழுதிவிடுவார். மூன்று மாதத்துக்குள் அதே கோளாறு வந்தால் காசில்லை, ரசீதும் கேட்க மாட்டார். 2011இல் அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய மிக்சி, கிரைண்டர்கள் இன்னமும் வருகின்றன. அவற்றுக்குப் பாகம் கிடைக்காவிட்டால், செத்துப்போன இன்னொன்றிலிருந்து கழற்றிப் போடுகிறார். காயில் கருகிய மலிவு மிக்சி வந்தால் "இதுக்குச் செலவு பண்ணாதே" என்று திருப்பி அனுப்பிவிடுவதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

குறைகளும் உண்டு. ஜிபே கிடையாது. பட்டன் போன்தான், அதையும் வேலை நேரத்தில் எடுக்க மாட்டார். முதல் தடவை ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டி, சில்லறைக்கு வீதி முழுக்க அலைந்தேன். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை கதவு சாத்தியிருக்கும், தட்டினால் திட்டு விழும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் எதைக் கொடுத்தாலும் தீபாவளி முடிந்துதான் கைக்கு வரும், முறுக்கு மாவுக்கு மில்லுக்குத்தான் போக வேண்டும். ஒரு தடவை என் சட்னி ஜார் மூடி வேறு வீட்டுக்குப் போய், அவர்களுடையது எனக்கு வந்துவிட்டது. சீட்டு மிக்சியில்தான் கட்டுகிறார், மூடியில் கட்டுவதில்லை. அதைச் சொன்னபோது ஒத்துக்கொண்டார், ஆனால் இன்றுவரை கட்டவில்லை. வாயும் கொஞ்சம் அதிகம். டிரம்மைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கழுவி, நடுக்குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கி பேரிங் துருப்பிடித்ததற்கு நான் வாங்கிய வசவை இங்கே எழுத முடியாது.

மேப்பில் போட்டுவிடட்டுமா, படம் எடுத்து நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன் என்று போன மாதம் கேட்டேன். (அரை நட்சத்திரம் மூடிக்கு, அரை சில்லறைக்குப் பிடித்துக்கொண்டேன்.) கையில் இருந்த ஆர்மேச்சரைக் கீழே வைக்காமலே, "பெஞ்சுக்குக் கீழே எத்தனை நிக்குதுன்னு எண்ணிப் பாரு அம்மிணி" என்றார். எண்ணினேன். பதினேழு.

அதனால் நம்பரோ கதவு எண்ணோ இங்கே கொடுக்கவில்லை. கணபதியில் எங்கள் பக்கம் வந்து எந்த மாவுக் கடையில் கேட்டாலும் தாளைக் கொடுப்பார்கள். ஜாரையும் கூடவே கொண்டு போங்கள், மோட்டாரை மட்டும் கொண்டு போனால் திருப்பி அனுப்புவார். மூடியில் உங்கள் பேரை நீங்களே எழுதி ஒட்டிவிடுங்கள். நூறு, ஐம்பதாகச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முன்னால் அந்தச் சிவப்பு பட்டனை ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள்.